குறுக்கும் திருகும்

ஹாலில் என்னைப் பற்றித்தான் பேச்சு. கதவைச் சாத்தியிருக்கிறார்கள், அதையும் முழுதாகச் சாத்தாமல் ஒரு விரற்கடை விட்டு வைத்திருக்கிறார்கள், நான் உள்ளே என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்க்கத் தோதாக. அந்த இடுக்கு வழியாகச் சுகிர்தத்தின் குரல் தெளிவாக வருகிறது, மெதுவாகப் பேச அவளுக்கு எந்தக் காலத்திலும் வராது. சுகிர்தம் என் வீட்டுக்காரரின் தங்கை. மார்த்தாண்டத்தில் அவளுக்குச் சொந்த வீடு உண்டு, அந்த வீட்டில் அவள் இருந்து நான் பார்த்ததில்லை. "மைனி பாவம் மக்கா," என்கிறாள். பாவமாம். பாவம் என்று அவள் வாயால் சொன்ன ஆட்களெல்லாம் அதற்குப் பிறகு எழுந்து நடந்ததாக நினைவில்லை. மக்கா என்றது என் மகன் பெனட்டை. பெங்களூரிலிருந்து காலையில்தான் வந்தான். வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான், அப்படியெல்லாம் பிடிக்கிறவனே இல்லை. "அம்மா, ஒரு நல்ல எடம் பாத்திருக்கேன். தோட்டமெல்லாம் உண்டு. ஒங்கள மாதிரி உள்ளவங்கதான் எல்லாரும்." என்னை மாதிரி உள்ளவர்கள் என்றால் மறதி முற்றியவர்கள். நாகர்கோவிலில் இருக்கும் இந்த வீட்டைப் பூட்டுவது, என்னை அங்கே கொண்டு சேர்ப்பது, அவன் அப்பா தங்கச்சியோடு மார்த்தாண்டம் போவது, இதுதான் ஏற்பாடு. ஆனால் நான் சம்மதிக்க வேண்டுமாம், அந்த மரியாதையை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். சாயங்காலக் காப்பிக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சரி என்று சொல்வதா, முடியாது என்று சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததால்தான் இத்தனை நாள் துணி போட்டு மூடி வைத்திருந்த தலையணையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தலை வைத்துப் படுக்கிற தலையணை இல்லை இது. தெர்மாகோலை வட்டமாக அறுத்து, நீலத் துணியால் விறைப்பாக இழுத்துக் கட்டியது. வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நீலம். அதன்மேல் துளை போட்ட அட்டை, துளைக்குத் துளை குண்டூசி, ஊசிகளைச் சுற்றி வளைந்து வருகிற லேஸ், லேஸிலிருந்து இறங்குகிற நூல்கள், ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்துக்கு ஒரு தேக்குக் குச்சி. பாபின் என்று பெயர். தையல் மெஷினுக்குள் கிடக்கிற பாபின் இல்லை, கோட்டாறில் கடைசல்காரரிடம் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்துச் செய்து வாங்கியது. எத்தனை குச்சி தொங்கினாலும் கையில் எடுப்பது நான்குதான், இரண்டு ஜோடி. நடுவில் உள்ள இரண்டில் இடதைத் தூக்கி வலதின்மேல் போட்டால் குறுக்கு. பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் வலதைத் தூக்கி இடதின்மேல் போட்டால் திருகு. குறுக்கு, திருகு, ஊசி, மறுபடி குறுக்கு, திருகு. வேறு வித்தை ஒன்றும் கிடையாது, உலகத்தில் உள்ள லேஸ் முழுக்க இந்த இரண்டு அசைவுக்குள் அடங்கிவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சபை மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டேன். சுகிர்தமும் கூடவே வந்தாள், நான் எங்கே போனாலும் வருவாள், கொஞ்ச நாளில் கண் வலிக்கிறது என்று விட்டுவிட்டாள். விட்டவள் வாயை விடவில்லை. "யாருக்கு மைனி இது? பேத்திப் பிள்ளைக்கு உடுப்புல வைக்கதுக்கா? கோயில்ல ஆல்டருக்கா?" யாருக்கும் இல்லை என்றேன். அட்டை முடிந்தால் லேஸை மேலே ஏற்றிவிட்டு மறுபடி தொடங்குவேன், நீண்டுகொண்டே போகும், ஒரு துணியிலும் தைக்க மாட்டேன், பெட்டிக்குள் சுருட்டி வைப்பேன். யாருக்கும் இல்லாத வேலையா, அதெப்படி, அவளால் தாங்கவே முடியவில்லை. நான் வைத்த குழம்பு யாருக்கோ, நான் வாங்கிய சம்பளம் யாருக்கோ, நான் விழித்த ராத்திரியெல்லாம் யாருக்கோ, இந்த ஒரு முழம் லேஸ் மட்டும் யாருக்கும் இல்லை என்றால் பைத்தியம். அவருக்கும் பிடிக்கவில்லை, என் வீட்டுக்காரருக்கு. பி.டி. வாத்தியாராக இருந்தவர், விசில் நேசையன் என்றால் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் தெரியும், பையன்களை வெயிலில் ஓட விட்டே நாற்பது வருஷம் சம்பளம் வாங்கினார். யாராவது வீட்டுக்கு வந்தால் என்னைக் காட்டி, "அவளுக்கு இப்ப குச்சி வெளையாட்டுல்லா. வயசானா பிள்ளையளாயிருவாங்க," என்பார், வந்தவர்கள் சிரிப்பார்கள், நான் காப்பி கொண்டுவருவேன். யாரும் இல்லாத நேரத்தில், "பல்லி கெணக்க கடகடன்னு என்ன சத்தம் இது, பேப்பர் படிக்க முடியுதா," என்பார். சொல்லிவிட்டு எழுந்து போனாலாவது பரவாயில்லை, போகவும் மாட்டார், அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போதும் கடகடவென்றுதான் இருக்கிறது. எடுத்து நெய்யாமல் குச்சிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், அவை ஒன்றோடொன்று இடிக்கின்றன. பயம்தான், வேறென்ன. மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது, மாடி அறையில் படுத்துவிட்டேன், கண்ணைத் திறந்தால் சுவர் சுற்றியது, எத்தனை நாள் கிடந்தேன் என்றே தெரியாது. தெம்பு வந்து கீழே இறங்கி, முதல் வேலையாகத் தலையணையின் துணியை விலக்கினால், லேஸ் வளர்ந்திருந்தது. நான் விட்டுப் போனது ஒரு பூ இதழின் வளைவில், அது நன்றாக நினைவிருக்கிறது, அந்த ஊசியைக் குத்தும்போதுதான் உடம்பு குளிர்ந்து நடுங்கத் தொடங்கியது. இப்போது அந்த இதழ் முடிந்து, அடுத்த இதழும் முடிந்து, நடுவில் சல்லடைக் கண் மாதிரி வருகிற வலையும், தரை என்போம் அதை, கொஞ்சம் ஓடியிருந்தது. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், "இத யாரு தொட்டது?" என்று கத்தினேன். சுகிர்தம் பயறு உரித்துக்கொண்டிருந்தாள், சிரித்துவிட்டாள். "யாரு தொடுவா மைனி? நம்ம வீட்டுல ஒங்களத் தவிர யாருக்கு இந்த எழவு தெரியும்? காய்ச்சலோட எறங்கி வந்து நீங்கதான் செஞ்சிருப்பீங்க. மறந்துட்டீங்க." நான் அவரைப் பார்த்தேன். அவர் பேப்பரைத் திருப்பினார். "நீங்க பாத்தீங்களா நான் செஞ்சத?" என்று கேட்டேன். "நீதான் செஞ்சிருப்ப," என்றார், பேப்பருக்குள் இருந்து. "வேற யாரு?" நான் திரும்பி வந்து துணியைப் போட்டு மூடினேன். அன்றைக்கு மூடியதுதான். அதற்குப் பிறகு குச்சியைத் தொடவில்லை, தொட்டால் கை என்ன செய்யும் என்று எனக்கே நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

சுகிர்தம் சொல்கிற மற்றதெல்லாம் எனக்கு மயிருக்குச் சமானம். காஸ் அடுப்பை அணைக்காமல் விட்டேனாம், பால் பொங்கி வழிந்ததாம், வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேனாம். வைத்தேன்தான். கையில் தக்காளிக் கூடை இருந்தது, சாவியும் கூடவே உள்ளே போய்விட்டது, அதற்கென்ன. அவள் அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார், அது வயசு. நான் தேடினால் வியாதி. அதையெல்லாம் பெனட்டுக்கு அவள் ஃபோனில் சொல்லிச் சொல்லி, அவனும் அங்கிருந்தபடி எதையோ படித்து, என் அம்மா இப்படி, என் அம்மா இப்படி என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். காலையில் வந்ததும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டான், விளையாட்டுப் போல. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஆனால் இந்த லேஸ் விஷயம் அப்படி இல்லை. இது சுகிர்தம் கட்டிய கதை இல்லை, இது என் கண்ணால் பார்த்தது. சாவி மறக்கலாம், பால் மறக்கலாம், ஆனால் இரண்டு இதழ் நெய்வது என்றால் நாள் கணக்கில் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் ஜோடி தேர்ந்து, குறுக்குப் போட்டு, திருகி, இழுத்து, அடுத்த ஜோடி. அத்தனையும் செய்துவிட்டு ஒரு சொட்டுக்கூட நினைவில்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் என்ன. என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, கடைசிக் காலத்தில் ஒரே கிண்ணத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கழுவுவாள். கழுவிக் கவிழ்ப்பாள், எடுப்பாள், கழுவுவாள். கிண்ணம் பளபளவென்று இருக்கும். ஏன் பெரியம்மா என்று கேட்டால், என்னை யார் என்று தெரியாமல், தண்ணீர் தெறிக்கும் என்று தள்ளி நிற்கச் சொல்வாள், மிகவும் மரியாதையாகச் சொல்வாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, அந்த மரியாதையை. எனக்கும் அது வந்துவிட்டது என்றால் நான் யாருக்கும் பாரமாக இங்கே கிடக்க மாட்டேன். இந்த இதழ்கள் என் கை செய்ததுதான் என்றால் இன்றைக்குச் சரி என்று சொல்லிவிடுவேன், பெட்டியை நானே கட்டுவேன், அவன் பார்த்து வைத்திருக்கிற தோட்டத்தில் போய் நிற்பேன். அழவும் மாட்டேன்.

என் கை செய்ததுதான் போலிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு பிசகு இல்லை. இழுப்பு ஒரே சீர், எங்கும் தொய்வில்லை, ஊசி எல்லாம் ஒரே சாய்வு. சுகிர்தத்தின் குரல் மறுபடி, "ராத்திரில எறங்கி வந்து என்ன செய்யப் போறாங்களோன்னு எனக்கு ஒறக்கமே வரல மக்கா." மத்தியானமும் குறட்டை விடுகிறவள். பெனட் ஏதோ சொல்கிறான், அவன் மாமனாருக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். விசில் ஊதின வாய்க்கு வீட்டில் பேச்சு வராது. சே, இந்த லேஸைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிகிறது. எனக்குத் தெரியாமல் என் கை செய்த வேலை எனக்கு வேண்டாம். பிரித்துவிடுகிறேன். பிரித்துப் பிரித்து அந்தக் காய்ச்சல் நாள் ஊசிக்கே போய்விடுகிறேன், அங்கிருந்து மறுபடி நானாக, நான் அறிய, இரண்டு இதழையும் நெய்வேன். காப்பி வருவதற்குள் முடியாது. முடியாவிட்டால் என்ன, தொடங்கியாவது வைப்பேன். பிரிப்பது நெய்வதைவிடக் கஷ்டம், படம் பின்னோக்கி ஓடுகிற மாதிரி எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஊசியை எடு. திருகைத் திருப்பு, வலது போய் இடதின்மேல் விழுந்தது, ஆகவே இடதைத் தூக்கி வலதின்மேல். குறுக்கைத் திருப்பு, இடது போய் வலதின்மேல் விழுந்தது, ஆகவே வலதைத் தூக்கி இடதின்மேல். இதை யோசித்துச் செய்ய மாட்டோம், கை தானே செய்யும். கை செய்கிறது. செய்தால் நூல் பிரிந்து நேராக விழ வேண்டும். விழவில்லை. ஒன்றையொன்று இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. பிசகிவிட்டேன் போலிருக்கிறது. பார்த்தாயா, இதுவும் போயிற்று, பிரிக்கக்கூடத் தெரியவில்லை. அடுத்த ஜோடி. அதுவும் இறுகுகிறது. பிரிக்கப் பிரிக்க இறுகுகிறது. கிண்ணம், தண்ணீர், தள்ளி நில்லுங்க. பொறு. வயலட், பொறு. உன் பெயர் வயலட், இன்றைக்கு வியாழக்கிழமை, இந்த ஜோடி எதற்கு இறுகுகிறது என்று பார்.

எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கம் தூக்கினால் பிரிகிறது. இடதைத் தூக்கி வலதின்மேல் போட்டால் குறுக்கு பிரிகிறது, வழுக்கிக்கொண்டு பிரிகிறது. அப்படியென்றால் போடும்போது வலதைத் தூக்கி இடதின்மேல் போட்டிருக்கிறது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். திருகும் மாறி. பூதக்கண்ணாடியை எடுத்து இதழின் ஓரத்தைப் பார்க்கிறேன், என் இதழில் திருகின நூல் ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறது, அந்த இதழில் மறுபக்கம் சாய்ந்து ஏறுகிறது, இத்தனை நேரம் இழுப்பையும் ஊசியையும் பார்த்தேனே தவிரச் சாய்வைப் பார்க்கவே இல்லை. நான் இல்லை. நான் இல்லவே இல்லை! காய்ச்சலில் என் பெயர் மறக்கலாம், பெற்ற மகனை மறக்கலாம், ஆனால் இத்தனை வருஷமாக இடதைத் தூக்கின கை ஒருநாளும் வலதைத் தூக்காது. மூளை மறந்தாலும் கை மறக்காது, பெரியம்மாவின் கை கிண்ணத்தைச் சரியாகத்தான் கழுவியது. எனக்குச் சிரிப்பு வருகிறது, வாயைப் பொத்திக்கொள்கிறேன், சிரித்தால் அதையும் சேர்த்துக்கொள்வாள் சுகிர்தம். அவள்தானா? அவளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், என்னைக் கிறுக்காக்கவே செய்தாள் என்று தலைமுடியைப் பிடித்து இழுத்துவிடலாம். ஆனால் அவள் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே டீச்சர்தான் அவளுக்கும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே இடதைத்தான் தூக்கினாள், தொய்வும் தொங்கலுமாக ஏதோ நெய்தாள், அவள் கை ஏழு ஜென்மம் எடுத்தாலும் இந்தச் சீர் வராது. வீட்டு வேலைக்கு வருகிற பெண் அடுக்களையைத் தாண்டி வருவதில்லை. இது யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த கை இல்லை. வகுப்பில் முதல் நாளே கையில் அடித்த மாதிரி சொல்வார்கள், இடது மேலே, இடது மேலே. இது பார்த்துக் கற்ற கை. பார்த்தால் எப்படி மாறும்? பக்கத்தில் இருந்து பார்த்தால் மாறாது. பின்னால் நின்று பார்த்தால் மாறாது. எதிரே உட்கார்ந்து பார்த்தால் மாறும். என் இடது அவருக்கு வலது. என் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தினமும், காலைக் காப்பி முடிந்ததும், பேப்பரை விரித்துக்கொண்டு. அவர்.

பேப்பர் ஆடாமல் இருக்கும், அது இப்போதுதான் புத்தியில் படுகிறது. பக்கம் திருப்புகிற சத்தம் எவ்வளவு நேரமானாலும் கேட்காது. செத்தவர் செய்தியைப் படித்துக்கொண்டு தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். மேல் விளிம்புக்கு மேலாக இரண்டு கண், வருஷக்கணக்காக, என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. என் முகத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. என்னைப் பார்த்துக் குச்சி விளையாட்டு என்று ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு, நான் மாடியில் கிடந்தபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, என் குச்சியை எடுத்து, யாருக்கும் தெரியாமல், சுகிர்தம் சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற நேரம் பார்த்து, பொறுக்கிப் பொறுக்கி இரண்டு இதழ். எதற்கு? நான் இல்லாமல் அந்தச் சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல இருந்திருக்கும் என்று சுற்றி வளைத்துக் கதை கட்டலாம். கட்ட மாட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர் பாடு. நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து கத்தினேனே, என் முகத்தைப் பார்த்தாரே, பயந்து வெளிறிப் போன முகத்தை, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா. நான்தான் வயலட், சும்மா பொழுது போகாமல் செய்து பார்த்தேன். அவ்வளவுதான், அதற்கு என்ன செலவு. தங்கச்சி எதிரே சொல்ல வெட்கம். விசில் நேசையன் லேஸ் பின்னினான் என்று ஊர் பேசுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தைக் காப்பாற்ற என் புத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டார். நீதான் செஞ்சிருப்ப, வேற யாரு. அந்த நாளிலிருந்து நான் ராத்திரி விழித்துக்கொண்டு என் பெயரையும் அப்பன் பெயரையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையும் கேட்டிருப்பார். இப்போதுகூட அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என்னைக் கொண்டு சேர்க்கிற இடத்தில் சாப்பாடு எப்படி என்று மகன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாவி. இதில் எனக்குப் பொறுக்காத இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு இதழும் என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன.

போய்ச் சொன்னால் நம்புவார்களா? நினைத்துப் பார்க்கிறேன். பெனட், நான் நெய்யவில்லை, உன் அப்பாதான் நெய்தார், பார், வலது இடதின்மேல் போயிருக்கிறது. அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பான், சரிம்மா சரிம்மா என்பான். சுகிர்தம் கண்ணைத் துடைப்பாள். எங்க அண்ணன் லேஸ் பின்னுச்சாம், கேட்டியா மக்கா, இதுக்கு மேல என்ன வேணும். காரை இன்றைக்கே வரச் சொல்லிவிடுவார்கள். சாய்வையும் குறுக்கையும் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினால் அவர்களுக்குக் கொசுவலையும் இதுவும் ஒன்றுதான். நான் சொல்வது உண்மை என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவர் வாயைத் திறக்க மாட்டார். திறக்க மாட்டார் என்று நான் எதற்கு முடிவு செய்ய வேண்டும். இத்தனை வருஷம் பேப்பருக்கு மேலே பார்த்த கண் இன்றைக்குப் பார்க்காமல் இருந்துவிடுமா. "மைனி, காப்பி ஆச்சு, வாங்க," என்கிறாள் சுகிர்தம், குழந்தையைக் கூப்பிடுகிற குரலில். வருகிறேன். பிரித்த வரைக்கும் நூலைச் சரி செய்து, குச்சிகள் உருளாமல் துணியால் கட்டி, தலையணையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறக்கிறேன்.

மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் தலையணையைப் பார்க்கிறார்கள். டீப்பாயில் இருந்த காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு அதில் தலையணையை வைக்கிறேன், அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். முதலில் நேராகவே கேட்டுவிடுவோம் என்று நினைக்கிறேன், ஒரு மனுஷனுக்கு ஒரு தடவை வழி விட வேண்டும். "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப இத நெய்தது நீங்கதானே?" பேப்பர் மடியில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறார். "என்ன பேசுற நீ? எனக்கு இதுல என்ன தெரியும்?" கண் என் மேல் இல்லை. சுகிர்தம் பெனட்டின் கையைத் தொடுகிறாள், பாத்தியா என்பது போல. பெனட் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறான். "அம்மா, அத விடுங்க. நான் சொன்ன எடத்தப் பத்தி..." "சொல்லு மக்கா, கேக்குதேன்," என்று துணியை அவிழ்க்கிறேன். வழி விட்டாகிவிட்டது. இரண்டு ஜோடியை எடுக்கிறேன். குறுக்கு, திருகு, ஊசி. குறுக்கு, திருகு. பெனட் சொல்கிறான், தனி அறை, பக்கத்திலேயே கோயில், வாரம் ஒருதரம் வீடியோவில் பேசலாம். நான் தலையாட்டுகிறேன், அவனுக்குக் குரலில் ஒரு நிம்மதி வருகிறது. குறுக்கு, திருகு, ஊசி, கடகட. அடுத்த ஜோடிக்குக் குறுக்கு மட்டும் போட்டு, திருகாமல், ஊசியைக் குத்தி மேலே போகிறேன். பேப்பர் ஆடவில்லை. "ஒரு மாசம் இருந்து பாருங்க, பிடிக்கலன்னா திரும்பி வந்திரலாம்," என்கிறான். இன்னொரு ஜோடி. எதிரே ஒரு கால் நகர்கிறது. இன்னொரு ஜோடி, இன்னும் ஒரு ஊசி, விட்ட இடம் மூடிக்கொண்டு வருகிறது, இன்னும் இரண்டு ஊசி போனால் வரிசை முழுக்கப் பிரித்தால் ஒழிய அங்கே போக முடியாது, அது எனக்குத் தெரியும், இந்த அறையில் இன்னொருவருக்கும் தெரியும். அடுத்த ஊசியை எடுத்துக் குத்தப் போகிறேன்.

"ஏய், நில்லு. ஒரு திருகு விட்டுட்ட."

பேப்பருக்கு மேலிருந்து வந்தது. சுகிர்தம் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே இருக்கிறாள். பெனட் என்னைப் பார்க்கிறான், அவன் அப்பாவைப் பார்க்கிறான். "எங்க?" என்கிறேன், குரலை ஏற்றாமல். "காட்டுங்க." அவர் யோசித்திருந்தால் காட்டியிருக்க மாட்டார். பேப்பரை விட்டுவிட்டு முன்னால் குனிந்து, அத்தனை ஊசிக் கூட்டத்துக்குள் விரலைக் கொண்டுபோய், நான் விட்ட அதே ஊசியைத் தொட்டு, "இதுக்கு முந்தின ஜோடி," என்கிறார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைக்கிறது, விரலை எடுக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் அப்படியே குனிந்திருக்கிறார். "அப்பா?" என்கிறான் பெனட். "இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" அவருக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவந்து ஏறுகிறது. எனக்கு இரக்கம் வரவில்லை, வரும் என்று பார்த்தேன், வரவில்லை. விட்ட திருகைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்கிறேன்.

"நான் எங்கயும் வரல மக்கா," என்கிறேன். "ஆனா நீ எடம் பாத்தது வீணாகாண்டாம். ஒங்க அப்பாவக் கூட்டிட்டுப் போ."